நூறாண்டு அலையா, புயல் வரலாறா? பழைய கடல் மேடைக்கு எந்தக் கணக்கை நம்புவது

வட கடலின் நடுப்பகுதியில், ஏறக்குறைய 100 மீட்டர் ஆழத்தில், ஓர் எஃகு ஜாக்கெட் மேடை, அதாவது கடல்தரையில் ஊன்றிய எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் நிற்கும் எண்ணெய் மேடை, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1970-களின் கடைசியில் நட்டது. 25 ஆண்டுக்கு என்று வடிவமைத்தார்கள், அதைத் தாண்டிப் பல ஆண்டு ஓடிவிட்டது. இன்னும் பத்தாண்டு எண்ணெய் எடுக்க வேண்டும் என்கிறது நிறுவனம். மேடையில் அறுபது பேர் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களை அங்கேயே தூங்கவிடலாமா, டெக்கை, அதாவது மேல்தளத்தை, உயர்த்த வேண்டுமா, குளிர்காலப் புயல்களுக்கு முன்னால் ஆளை இறக்கிவிட வேண்டுமா? இதற்கு ஒரு பதில் வேண்டும். பதிலுக்கு அலைக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போட நான்கு வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறிவிடும்.

மேடை நான் வைத்துக்கொண்ட உதாரணம்தான். கேள்வி உண்மையானது. மெக்சிகோ வளைகுடாவிலும், 1976-இல் உற்பத்தி தொடங்கிய நம் மும்பை ஹையிலும், வடிவமைப்பு ஆயுளைக் கடந்து நிற்கும் மேடைகளுக்கு இதே கேள்விதான் வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி மேடைக்குப் புயல் புயலாகச் சுமையைக் கணக்கிட்டு, அந்தச் சுமையின் நீண்டகாலப் பரவலையே எடுப்பதுதான் சரியான வழி. அதிலும் தரவுக் குறைவால் வரும் சந்தேகத்தைக் கடைசி எண் வரைக்கும் கூடவே கொண்டுபோக வேண்டும். மற்ற மூன்று வழிகளுக்கும் வேலை இருக்கிறது, ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவை உட்காரக்கூடாது.

சந்தேகம் எங்கே இருக்கிறது

1995 ஜனவரி 1 மதியம், நார்வேயின் ட்ராப்னர் மேடையில் கீழ்நோக்கிப் பொருத்தியிருந்த லேசர் கருவி ஓர் அலையைப் பதிவு செய்தது. அடி முதல் முகடு வரை 25.6 மீட்டர். அமைதியான கடல்மட்டத்துக்கு மேல் முகடு மட்டும் 18.5 மீட்டர். அந்த நேரத்தில் சுற்றிலும் ஹெச்எஸ் 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹெச்எஸ் என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரம். கடலின் கொந்தளிப்பை ஒரே எண்ணில் சொல்ல இந்தத் துறை வைத்திருக்கும் அளவு இதுதான். மூன்று மணி நேரப் புயலில் ஏறக்குறைய ஆயிரம் அலைகள் கடந்துபோகும். அவற்றில் மிகப் பெரியது ஹெச்எஸ்ஸைப் போல 1.86 மடங்கு இருக்கும் என்பது 1952-இல் லாங்கே-ஹிக்கின்ஸ் காட்டிய ராலே பரவலிலிருந்து வரும் கணக்கு. ட்ராப்னர் அலை 2.1 மடங்கையும் தாண்டியது.

அந்த அலை புகழ்பெற்றது சரிதான். ஆனால் பழைய மேடையைச் சோதிக்கும்போது என்னைக் கவலைப்பட வைப்பது அது இல்லை. ஒரே புயலுக்குள் அலைகள் எப்படி ஏறி இறங்கும் என்பதில் நமக்கு நல்ல பிடிமானம் இருக்கிறது. அலை முகடுகளுக்கு ஃபாரிஸ்டால் 2000-இல் தந்த பரவல் வட கடல் அளவீடுகளோடு ஓரளவு நன்றாகவே ஒத்துப்போகிறது. அலை கையில் வந்தபிறகு அது எஃகுக் குழாயை எவ்வளவு தள்ளும் என்பதிலும் 1950-இன் மாரிசன் சமன்பாடு இன்றுவரை சோறு போடுகிறது. நீரின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒரு விசை, முடுக்கத்துக்கு ஏற்ப இன்னொன்று, இரண்டையும் கூட்டினால் முடிந்தது.

மாரிசனில் ஒரு சிக்கல் உண்டு, அதைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் விட்டமுள்ள வழுவழுப்பான குழாய்க்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) விதிகள் தரும் இழுவைக் கெழு 0.65. குழாயில் சிப்பியும் பாசியும் படிந்து சொரசொரப்பானால் 1.05. படிவு 100 மில்லிமீட்டர் தடிமன் என்றால் விட்டம் 1.2 மீட்டராகிறது. இரண்டையும் பெருக்கினால் அந்தக் குழாயின் இழுவை விசை ஏறக்குறைய இரட்டிப்பு. அலைக் கோட்பாட்டில் நுட்பம் சேர்த்துக் கிடைக்கும் ஐந்து சதவீதத் திருத்தம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு மூழ்காளரோ கேமரா பொருத்திய ரோபோவோ போதும். இறங்கிப் பார்த்து அளந்துவிடலாம்.

அளக்கவே முடியாதது புயல்களின் வால்முனை, அதாவது மிக அரிதாக வரும் மிகப் பெரிய புயல்கள். நார்வே வானிலை நிறுவனத்தின் நோரா10 என்ற ஹிண்ட்காஸ்ட், அதாவது பழைய காற்று நிலவரத்தை மாதிரிக்குள் ஓட்டி அன்றைய அலைகளைத் திரும்ப வரவழைக்கும் தொகுப்பு, 1957-இலிருந்து தொடங்குகிறது. அறுபது ஆண்டுக்கு மேல் மூன்று மணிக்கு ஒருமுறை ஒரு மதிப்பு என்பது செல்வம்தான். நார்வேயின் நார்சாக் தரநிலையோ இரண்டு சோதனைகள் கேட்கிறது. ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்புள்ள சுமையைப் பாதுகாப்புக் காரணிகளோடு தாங்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புள்ள சுமை வந்தால் அடிபடலாம், ஆனால் இடிந்து விழக்கூடாது. அறுபதாண்டுத் தரவை வைத்துக்கொண்டு பத்தாயிரமாண்டுக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எவ்வளவு ஆட்டம் காணும் என்று ஒரு கைக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெச்எஸ் 9 மீட்டரைத் தாண்டும் புயல் ஆண்டுக்கு மூன்று, தாண்டும் அளவின் சராசரி 1.09 மீட்டர் என்று கொள்வோம். அறுபதாண்டில் 180 புயல்கள். இவற்றுக்கு, உச்ச மதிப்புகளுக்கென்றே உள்ள பொதுமைப்படுத்திய பரேட்டோ பரவலைப் பொருத்தினால், வால்முனை எப்படி வளையும் என்பதை ஒரு வடிவக் கெழு தீர்மானிக்கிறது. அது மைனஸ் 0.1 என்றால் நூறாண்டு ஹெச்எஸ் 14.2 மீட்டர், பத்தாயிரமாண்டு ஹெச்எஸ் 16.7. அதே சராசரியை வைத்துக்கொண்டு கெழுவைச் சுழியம் என்று எடுத்தால் 15.2, 20.2. நூறாண்டில் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். பத்தாயிரமாண்டில் மூன்றரை மீட்டர். இழுவை விசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறுவதாகக் கொண்டால் சுமை 46 சதவீதம் கூடுகிறது. இதில் வேதனை என்னவென்றால், 180 புயல்களிலிருந்து வடிவக் கெழுவை எடுத்தால் அதன் பிழைப் பட்டை கூட்டியும் குறைத்தும் 0.13. மைனஸ் 0.1-க்கும் சுழியத்துக்கும் நடுவே தரவால் தீர்ப்புச் சொல்லவே முடியாது.

நம் மேடையின் டெக் அடிப்பாகம் கடல்மட்டத்திலிருந்து 21.5 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகப்பெரிய முகடு ஹெச்எஸ்ஸைப் போல 1.15 மடங்கு என்று தோராயமாக எடுத்தால், முதல் வளைவில் (கெழு மைனஸ் 0.1) பத்தாயிரமாண்டு முகடு 19.2 மீட்டர், ஓதமும் புயல் எழுச்சியும் ஒரு மீட்டர் சேர்ந்தாலும் டெக்கைத் தொடாது. இரண்டாவது வளைவில் (கெழு சுழியம்) 23.2. தண்ணீர் டெக்குக்குள்ளேயே புகுந்துவிடும். கால்களையும் குறுக்குக் குழாய்களையும் தள்ளிக்கொண்டிருந்த அலை டெக்கின் முழுப் பக்கச் சுவரையும் தள்ளத் தொடங்கினால் கிடைவிசை படிப்படியாக ஏறாது, தாவும். ஒரே தரவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது: ஒன்றில் அறுபது பேரும் நிம்மதியாகத் தூங்கலாம், இன்னொன்றில் தூங்கக்கூடாது. கீழே வரும் நான்கு வழிகளையும் நான் எடைபோடுவது இதை மனத்தில் வைத்துத்தான்.

நூறாண்டு வடிவமைப்பு அலை

மிகப் பழைய வழி இது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் அலையின் உயரத்தை எடு, அதற்குப் பொருத்தமான அலைக் காலத்தை (ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை) எடு, ஐந்தாம் படி ஸ்டோக்ஸ் அலை என்ற கணித வடிவில் வடித்து மேடைக்கு ஊடாகச் செலுத்து, எட்டு அல்லது பன்னிரண்டு திசையிலிருந்து சோதி, பாதுகாப்புக் காரணியைப் பெருக்கு. ஏபிஐ 1969-இல் தன் நிலைமேடை விதிகளின் முதல் பதிப்பை வெளியிட்டது. உலகின் பெரும்பாலான ஜாக்கெட்டுகள் இந்தச் சிந்தனையில்தான் பிறந்தன. ஒரு நாளில் முடித்துவிடலாம். இன்னொரு பொறியாளர் திரும்பப் போட்டுச் சரிபார்க்கலாம். இந்த வெளிப்படைத்தன்மை சாதாரண விஷயம் இல்லை, அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் இரண்டு ஓட்டைகள். முதலாவது, அலை, காற்று, நீரோட்டம் மூன்றுக்கும் தனித்தனியே நூறாண்டு மதிப்பை எடுத்து ஒன்றாகக் கூட்டும் பழக்கம். மூன்றும் ஒரே மணி நேரத்தில் உச்சத்தில் இருப்பது அரிது. முகட்டில் நீரின் வேகம் நொடிக்கு 8 மீட்டர் என்று வைத்து, ஒரு மீட்டர் நீரோட்டம் சேர்த்தால் வர்க்கம் 81. அந்தப் புயலோடு உண்மையில் வரக்கூடிய 0.4 மீட்டரைச் சேர்த்தால் 70.6. இழுவை விசையில் 15 சதவீதம் தேவையில்லாமல் ஏறிவிடுகிறது. கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். புதிய மேடைக்குச் சரி, கொஞ்சம் எஃகு அதிகமாகும், அவ்வளவுதான். பழைய மேடைக்கு அந்த 15 சதவீதம் நல்ல மேடையை மூடவைக்கலாம், அல்லது தேவையில்லாத இடத்தில் வலுவூட்டக் கடலுக்கடியில் ஆளை இறக்கலாம். அதுவும் ஆபத்தான வேலைதான்.

இரண்டாவது ஓட்டை பெரியது. பாதுகாப்புக் காரணி ஒரு நிலையான எண். வால்முனை கடலுக்குக் கடல் மாறுவது. நூறாண்டுச் சுமையைப் போல இரண்டு மடங்கு வரை நம் மேடை தாங்கும் என்று, இடிந்து விழும்வரை சுமையை ஏற்றிப் பார்க்கும் புஷ்ஓவர் கணக்கில் வந்ததாக வைப்போம். மேலே போட்ட முதல் வளைவில் பத்தாயிரமாண்டுச் சுமை நூறாண்டுச் சுமையைப் போல 1.38 மடங்கு. நிறைய இடம் இருக்கிறது. இரண்டாவதில் 1.77 மடங்கு, அதுவும் டெக்கில் மோதும் விசையைச் சேர்க்காமல். அதே இரண்டு மடங்கு வலிமை ஒரு கடலில் வசதி, இன்னொரு கடலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது. இந்த வேறுபாட்டைக் காட்டும் கண் வடிவமைப்பு அலை முறையிடம் இல்லை.

மெக்சிகோ வளைகுடா இதைக் கண்கூடாகக் காட்டியது. 2004 செப்டம்பரில் ஐவன் புயலின்போது அங்கிருந்த 42040 என்ற மிதவை கிட்டத்தட்ட 16 மீட்டர் ஹெச்எஸ் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு கத்ரீனாவும் ரீட்டாவும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகளைச் சாய்த்தன. அதன்பிறகு 2007-இல் வளைகுடாவின் மத்தியப் பகுதிக்கான வடிவமைப்பு மதிப்புகளை ஏபிஐ உயர்த்தியது. மேடைகளிலிருந்து ஆட்களை முன்கூட்டியே இறக்கியிருந்தார்கள், அதனால் உயிர்கள் தப்பின. நூறாண்டு அலை என்று எழுதிவைத்த எண் கல்வெட்டு இல்லை, கையிலிருந்த தரவின் மதிப்பீடு.

சுற்றுக்கோடு முறை

இரண்டாவது வழி காண்டூர். விண்டர்ஸ்டைனும் குழுவினரும் 1993-இல் இதற்கு நல்ல வடிவம் கொடுத்தார்கள். ஹெச்எஸ் ஓர் அச்சு, அலைக் காலம் இன்னோர் அச்சு. நூறாண்டுக்கு ஒருமுறை எட்டக்கூடிய கூட்டுநிலைகளை ஒரு கோடாக வரைகிறோம். அந்தக் கோட்டின் மேல் நடந்து, எங்கே கட்டுமானம் மிக மோசமாகத் துள்ளுகிறது என்று தேடி, அந்தக் கடல்நிலையில் மட்டும் மூன்று மணி நேர சிமுலேஷன் பல தடவை ஓட்டுகிறோம். உச்ச மதிப்புகளின் சராசரியை எடுக்காமல் 90-ஆவது சதமானம் போன்ற உயர்ந்த மதிப்பை எடுத்துக்கொள்வது வழக்கம், ஏனென்றால் புயலுக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்தைக் கோடு மட்டும் தன்னிடம் அடக்கவில்லை.

மிதக்கும் கலங்களுக்கு இது அருமையான முறை. மிதவை எண்ணெய்க் கப்பலின் உருளலோ செமி என்ற பாதி மூழ்கி மிதக்கும் மேடையின் மேல்கீழ் அசைவோ மிக உயரமான அலையில்தான் உச்சத்துக்குப் போக வேண்டும் என்று இல்லை. கொஞ்சம் தாழ்ந்த அலை கலத்தின் இயற்கைக் காலத்தோடு, அதாவது அது தானாக ஒருமுறை ஆட எடுக்கும் நேரத்தோடு, ஒத்துப்போனால் அங்கேதான் ஆட்டம் அதிகம். காண்டூர் அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். கட்டுமானத்தின் விவரம் தெரியாமலேயே கோட்டை வரைந்துவிடலாம் என்பதும் நடைமுறையில் பெரிய வசதி. கடல் ஆய்வாளர் ஒருமுறை வரைந்து கொடுத்தால் பத்து வடிவமைப்புக் குழுக்கள் பயன்படுத்தலாம்.

நம் ஜாக்கெட்டுக்கு அந்த வசதி அவ்வளவாகத் தேவையில்லை. 100 மீட்டர் ஆழ ஜாக்கெட்டின் இயற்கைக் காலம் பெரும் புயலலையின் காலத்தைவிட மிகக் குறைவு. அது அலையோடு துள்ளாது, தள்ளுக்கு ஏற்ப வளையும். சுமையின் உச்சம் பெரும்பாலும் அலை உயரத்தின் உச்சத்தோடு போகும். அப்புறம், கோட்டை எப்படி வரைவது என்பதிலேயே ஒருமித்த கருத்து கிடையாது. 2019-இல் கிளாஸ்கோவில் நடந்த ஓமே என்ற கடல் பொறியியல் மாநாட்டில் ஒரே தரவைப் பல குழுக்களிடம் கொடுத்துக் காண்டூர் வரையச் சொல்லும் ஒப்பீட்டுப் பயிற்சியை அறிவித்தார்கள். வந்த கோடுகள் ஒன்றுக்கொன்று கணிசமாக விலகி நின்றன. கூட்டுப்பரவலுக்கு எந்த மாதிரியை எடுக்கிறோம், கோட்டுக்கு வெளியே இருப்பதை எப்படி எண்ணுகிறோம் என்பதிலேயே வித்தியாசம் புகுந்துவிடுகிறது. ஒற்றைக் கோடாகக் காகிதத்தில் பார்க்கும்போது அந்தச் சந்தேகம் கண்ணில் படுவதில்லை. என் குறை இதுதான்: காண்டூர் சந்தேகத்தை ஒளித்துவைக்கும் விதத்தில் மிக நேர்த்தியானது.

புயல் புயலாகச் சுமை

மூன்றாவது வழியில் கேள்வியே திரும்புகிறது. நூறாண்டு அலை என்ன சுமை தரும் என்று கேட்பதை விட்டுவிட்டு, நூறாண்டுச் சுமை என்ன, பத்தாயிரமாண்டுச் சுமை என்ன என்று நேரே கேட்கிறோம். டிராமன்ஸும் வாண்டர்ஷூரனும் 1995-இல் முன்வைத்த சிந்தனை இது.

வேலை இப்படிப் போகும். ஹிண்ட்காஸ்ட்டிலிருந்து ஒவ்வொரு பெரும் புயலையும் அது தொடங்கி, ஏறி, தணிந்த மணிகளோடு எடுத்துக்கொள்கிறோம். அந்தந்த மணியின் ஹெச்எஸ், காலம், திசை, காற்று, நீரோட்டம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. எது எதோடு கூடும் என்று ஊகிக்கத் தேவையில்லை, கடலே கூட்டிக் கொடுத்துவிட்டது. அடுத்து, இந்த மேடைக்கென்று ஒரு சுமைச் சூத்திரம் வேண்டும்: இந்த முகடு, இந்தக் காலம், இந்த நீரோட்டம், இந்தத் திசை என்றால் மொத்தக் கிடைவிசை எவ்வளவு. இங்கேதான் 1991-இல் டிராமன்ஸும் கூட்டாளிகளும் அறிமுகப்படுத்திய நியூவேவ் கைகொடுக்கிறது. ஒழுங்கற்ற கடலில் ஒரு பெரும் முகடு எழும்போது அதைச் சுற்றி நீர் சராசரியாக எந்த வடிவில் இருக்கும் என்பதை அது தருகிறது. அந்த வடிவத்தை ஓர் ஒழுங்கற்ற கடலுக்குள் பதித்து ஓட்டினால், ஒரு பெரிய அலைக்காக மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டாம். அது வரும் சில நிமிடங்களை மட்டும் ஓட்டினால் போதும். ஆயிரக்கணக்கில் ஓட்டிச் சூத்திரத்தைப் பொருத்திவிடலாம். அதன்பிறகு ஒவ்வொரு புயலுக்கும் சுமையின் உச்சப் பரவல் கிடைக்கிறது, அவற்றிலிருந்து ஆண்டு வாய்ப்பு கிடைக்கிறது.

திசையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் தடுமாறுவது இதில்தான். மேடை ஒரு பக்கம் வலுவாகவும் இன்னொரு பக்கம் கொஞ்சம் மெலிவாகவும் இருப்பது சகஜம். எட்டுத் திசைக்கும் தனித்தனியே நூறாண்டு அலையை எடுத்து எட்டையும் மேடை தாங்கிவிட்டது என்றால், மேடை நூறாண்டுக்குத் தாங்கும் என்று அர்த்தமில்லை. எட்டுத் திசையிலும் தனித்தனியாக வாய்ப்பு இருப்பதால் மொத்த வாய்ப்பு கூடிவிடுகிறது. புயல்முறையில் இந்தக் கூட்டல் தானாக நடந்துவிடும், ஒவ்வொரு புயலும் அதன் திசையோடுதான் வருகிறது.

இனி வால்முனை. புயல்களின் எண்ணிக்கை இதில் கூடிவிடப் போவதில்லை, 180 என்பது 180தான். ஆனால் இந்த முறையில் வடிவக் கெழுவை ஒரே எண்ணாக அடைக்கத் தேவையில்லை. பேய்ஸிய முறையில் தரவுக்குப் பொருந்தும் நூற்றுக்கணக்கான கெழுக்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முழுச் சுமைக் கணக்கையும் ஓட்டி, கிடைக்கும் வாய்ப்புகளைச் சராசரி எடுக்கலாம். சிறந்த மதிப்பீட்டு வளைவை மட்டும் எடுத்து வரும் எண்ணைவிட இது பெரும்பாலும் கொஞ்சம் கடுமையாக வரும். டெக்கில் தண்ணீர் ஏறும் இரண்டாவது வளைவுக்கும் அதற்குரிய எடை கிடைப்பதுதான் காரணம். ஹெச்எஸ் உச்சத்தில் இருக்கும்போது காலமும் நீரோட்டமும் என்ன செய்யும் என்று தரவுக்கு அப்பாலும் நீட்ட வேண்டுமானால், ஹெஃபர்னானும் டானும் 2004-இல் தந்த நிபந்தனை உச்ச மாதிரி இருக்கிறது. இரண்டு மாறிகள் உச்சத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஏறுமா, கைவிட்டுப் பிரியுமா என்பதை முன்கூட்டியே முடிவுகட்டாமல் தரவிடமே விடுகிறது அது.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வேலை நாள்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில். சுமைச் சூத்திரம் இந்த மேடைக்கு மட்டுமே. பக்கத்து மேடைக்கு மறுபடி முதலிலிருந்து. புள்ளியியல் தெரிந்தவரும் கட்டுமானம் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஹிண்ட்காஸ்ட் தன் உச்சங்களைக் குறைத்துக் காட்டினால் எல்லாமே குறையும். மேடையிலேயே அளந்த அலைகளோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் தொடங்கவே கூடாது. ஒழுங்காற்று அமைப்புக்கு விளக்குவதும் கடினம். இத்தனை இருந்தும், கட்டுமானத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது இந்த ஒரு முறைதான்.

தொட்டியும் கணினித் திரவமும்

நான்காவது வழி அலைத் தொட்டிச் சோதனை, அல்லது சிஎஃப்டி என்ற முழுத் திரவக் கணிப்பு. நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் பெரிய தொட்டி இருக்கிறது. நம் ஐஐடி மெட்ராஸிலும் பல திசைகளிலிருந்து அலை எழுப்பும் தொட்டி உண்டு. ஐம்பதில் ஒரு பங்கு மாதிரியில் அலை டெக்கின் கீழ் மோதித் தெறிப்பதைப் பார்த்தால் எந்தச் சூத்திரமும் தராத ஒரு புரிதல் வரும்.

ஆனால் மெல்லிய குழாய்களின் இழுவை விசையைச் சிறிய மாதிரியில் அளந்து பெரிதாக்குவது நம்பகமில்லை. அலையின் அளவைச் சரியாகச் சுருக்கினால் பாகுநிலையின் விளைவு சரியாகச் சுருங்காது. அதனால் ஜாக்கெட்டின் மொத்தச் சுமைக்கு இதை நம்ப மாட்டேன். டெக்கில் அலை மோதும் நொடிகளுக்கு மட்டும் நம்புவேன். அந்த நொடிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2015 டிசம்பர் 30 சாட்சி. வட கடலின் ட்ரோல் வயலில் காஸ்ல் இன்னோவேட்டர் என்ற செமியின் தங்குமிடச் சன்னல்களை ஓர் அலை உடைத்துக்கொண்டு நுழைந்தது, ஒருவர் இறந்தார். அதன்பிறகுதான் செமிக்களின் பக்கவாட்டு அலை மோதலுக்குத் தனி வழிகாட்டுதல்கள் வந்தன.

இவை எல்லாமே பெரும் புயலின் கணக்கு. 1980 மார்ச் 27-இல் வட கடலில் அலெக்ஸாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் தங்குமிட மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தபோது வந்தது நூறாண்டு அலை இல்லை. ஒரு குறுக்குக் குழாயில் ஹைட்ரோஃபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) தாங்கியை ஒட்டவைத்த சிறிய வெல்டில் தொடங்கிய ஃபட்டீக் விரிசல் அது. சாதாரண அலைகள் கோடிக்கணக்கில் அசைத்து அசைத்து வளர்த்த விரிசல். மேலே சொன்ன நான்கு முறைகளும் அதைப் பிடிக்காது. பழைய மேடைக்கு ஃபட்டீக் ஆய்வு தனியாக வேண்டும்.

இடம் மாறினால்

மெக்சிகோ வளைகுடாவிலோ வங்கக் கடலிலோ கேள்வி இப்படி இருக்காது. வட கடலில் ஒவ்வொரு குளிர்காலமும் புயல் தருகிறது. வெப்பமண்டலக் கடலில் ஓர் இடத்தின் நேர்மேலே கடும் புயல் கடந்துபோவது அரிது, அந்த ஓர் இடத்தின் தரவை மட்டும் வைத்து வாலை நீட்டினால் மோசமாகத் தவறும். சுற்றுவட்டாரப் புயல்களை ஒன்றாகத் திரட்டவோ, செயற்கைப் புயல் பாதைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கவோ வேண்டும். மன்னார் வளைகுடாவில் காற்றாலை நட வருபவர்களுக்கும் இது பொருந்தும். காற்றாலைக்கான ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) விதிகள் ஐம்பதாண்டுக் கடல்நிலையைக் கேட்கின்றன. ஆள் தங்காத கட்டுமானம் என்பதால் அங்கே காண்டூரோடு நிறுத்திக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். மெக்சிகோ வளைகுடாவில் ஆளை இறக்கப் பல நாள் முன்னறிவிப்பு கிடைக்கிறது. வட கடலில் குளிர்காலம் முழுக்கப் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் ஒவ்வொன்றுக்கும் அறுபது பேரை ஹெலிகாப்டரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியாது.

சரி, நம் மேடைக்குத் திரும்புவோம். பணமும் நாளும் என் கையில் இருந்தால் இந்த வரிசையில் செலவழிப்பேன். முதல் வாரம் பழைய முறையிலேயே நூறாண்டு அலையை ஓட்டிப் பார்ப்பேன். எங்கே பலவீனம் என்று அது காட்டிவிடும். கூடவே டெக்கின் உயரத்தைப் புதிதாக அளக்கச் சொல்வேன். வட கடலின் எகோஃபிஸ்க் வயலில் எண்ணெய் எடுத்ததால் கடல்தரையே கீழே இறங்கி, 1987-இல் மேடைகளை 6 மீட்டர் உயர்த்த வேண்டி வந்தது. வரைபடத்தில் இருக்கும் உயரத்தை நம்ப முடியாது. வெயில் காலத்தில் ரோபோவை இறக்கிச் சிப்பிப் படிவை அளந்துகொள்வேன். பிறகு புயல்முறைக் கணக்கு, வடிவக் கெழுவின் முழுப் பரவலோடு. அதில் டெக்கில் தண்ணீர் ஏறும் ஆண்டு வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றைவிடத் தெளிவாகக் குறைவு என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், தொட்டிக்குப் போக வேண்டாம். தெளிவாக அதிகம் என்றால் தொட்டிக்குப் போவது காலவிரயம். டெக்கை உயர்த்தும் வேலையையோ, குளிர்காலத்தில் ஆளில்லாமல் இயக்கும் ஏற்பாட்டையோ உடனே தொடங்க வேண்டும். நடுவில் வந்தால் மட்டுமே டெக் மோதல் சோதனைக்கு ஆர்டர் கொடுப்பேன். அந்த முடிவு வரும்வரை, முன்னறிவிப்பில் ஹெச்எஸ் 12 மீட்டரைத் தாண்டும் நாள்களுக்கு முன்னால் அறுபது பேரில் எத்தனை பேர் மேடையில் இருந்தே ஆக வேண்டும் என்ற பட்டியலை மேடை மேலாளரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன்.